ஓடுதளத்தில் ஒரு கண்டம் – 14: கான்யேயிலிருந்து பாரிஸுக்கு

நமீபியாவின் ஃபிராங்கி ஃபிரெடெரிக்ஸை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அந்த 200 மீட்டர் இறுதியில் மைக்கேல் ஜான்சன் 19.32 விநாடியில் உலகையே அசரவைத்தார். அவருக்குப் பின்னால் ஃபிரெடெரிக்ஸ் 19.68இல் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு நடந்த எந்த ஒலிம்பிக் இறுதியிலும் அந்த நேரத்துக்குத் தங்கம் கிடைத்திருக்கும். அன்று கிடைத்தது வெள்ளி. பார்சிலோனாவில் இரண்டு, அட்லாண்டாவில் இரண்டு என அவர் வென்ற நான்கு ஒலிம்பிக் பதக்கங்களும் வெள்ளியாகவே அமைந்தன. ஆனால் அந்த 19.68 ஆப்பிரிக்கச் சாதனையாக 27 ஆண்டுகள் அசையாமல் நின்றது.

அதை அசைத்தவர் 2023 ஜூலை 23 அன்று லண்டனில் ஓடிய 20 வயது இளைஞர். டைமண்ட் லீக் போட்டி அது. அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 19.47 விநாடியில் வென்றார். அவரை ஒட்டியே 19.50இல் எல்லைக்கோட்டைத் தொட்டவர் போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ. நமீபியாவுக்கு அடுத்த நாட்டுக்காரர். ஆப்பிரிக்கச் சாதனை, எல்லையைத் தாண்டி அண்டை வீட்டுக்குப் போனது.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வேக ஓட்டக்காரர்களின் வாழ்க்கையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வழித்தடம் தெரியும். ஃபிரெடெரிக்ஸ் விண்ட்ஹூக்கின் கட்டுத்துரா குடியிருப்பில் வளர்ந்து, ஒரு சுரங்க நிறுவனத்தின் உதவித்தொகையோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஐவரி கோஸ்ட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த காப்ரியேல் தியாக்கோவும் அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தில் தேறியவர்தான். நைஜீரியாவில் பிறந்த ஃபிரான்சிஸ் ஒபிக்வேலு போர்ச்சுகலில் கட்டட வேலை செய்து பிழைத்து, பின்னர் அந்நாட்டுக் குடிமகனாகி, 2004 ஏதென்ஸில் 100 மீட்டர் வெள்ளியைப் போர்ச்சுகல் கொடியோடு வாங்கினார். ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் வேற்று நாட்டுக் கடவுச்சீட்டு. வேகம் உள்ள ஆப்பிரிக்கப் பையனுக்குத் திறந்திருந்த கதவுகள் இவைதான்.

இதற்குக் காரணம் உண்டு. நெடுந்தூரம் ஓடுபவருக்கு மலைப்பாதை போதும், செம்மண் சாலை போதும், கூட ஓட நாலு பேர் போதும். வேக ஓட்டம் அப்படிப்பட்டது அல்ல. செயற்கைத் தளம் வேண்டும், ஸ்டார்ட்டிங் பிளாக் வேண்டும், எடைப்பயிற்சிக் கூடம் வேண்டும். பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டால் அன்றைக்கே பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். நூறில் ஒரு பங்கு விநாடியைக் குறைக்கப் பல மாதம் கண்கொட்டாமல் பார்த்துத் திருத்தும் பயிற்சியாளர் வேண்டும். ஏழை நாடுகளில் இவை எல்லாம் ஒரே ஊரில் ஒருசேரக் கிடைப்பது அரிது.

டெபோகோ அந்த இரண்டு கதவுகளில் எதையும் தட்டவில்லை. உள்ளூர்ப் பயிற்சியாளர் கெபோன்யெமோடிசா மொசிமன்யானேயின் கண்காணிப்பில், சொந்த நாட்டில் இருந்தபடியே உலகின் உச்சிக்குப் போனார். இந்த வாரம் அவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். அவர் வாங்கிய தங்கத்தைவிட, அதை எங்கிருந்து போய் வாங்கினார் என்பது வரலாற்றுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

தலைநகர் காபரோனுக்குத் தென்மேற்கே, குன்றுகளின் மேல் கான்யே என்ற பேரூர் இருக்கிறது. ட்ஸ்வானா இனத்தின் ஒரு பெரும் பிரிவான பங்வாகெட்சே மக்களின் தலைமையூர். அங்கே 2003 ஜூன் 7 அன்று லெட்சிலே பிறந்தார். வளர்த்தது தாய் செராட்டிவா. பையனுக்குக் கால்பந்துதான் உயிர். இடது ஓரத்தில் பந்தோடு பறப்பதைப் பார்த்த பள்ளி ஆசிரியர்கள்தான் அவரைத் தடகளத்தின் பக்கம் தள்ளினார்கள். அவருக்கு அப்போது அதில் பெரிய நாட்டம் இல்லை.

போட்ஸ்வானாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பகுதி கலஹாரிப் பாலைநிலம். மக்கள்தொகை சுமார் 24 லட்சம். 1966 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்தது. அடுத்த ஆண்டே ஓராபாவில் வைரம் கிடைத்தது. அந்த வருமானம் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் போனது. வளம் கிடைத்த நாடுகள் பல அதைக் கொண்டு துப்பாக்கி வாங்கிச் சீரழிந்த காலம் அது.

விடுதலைக்கும் வைரத்துக்கும் வெகுகாலம் முன்பே ட்ஸ்வானா மக்கள் ஒலிம்பிக்கில் ஓடியிருக்கிறார்கள். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சியோடு சேர்த்து ஒலிம்பிக் நடந்தது. அந்தப் பொருட்காட்சியில் போயர் போரை நடித்துக் காட்டும் கூட்டத்தோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து அழைத்துவரப்பட்ட ட்ஸ்வானாக்காரர் இருவர், லென் டாவும் யான் மஷியானியும், மாரத்தானில் சேர்ந்து ஓடினார்கள். டாவ் ஒன்பதாவதாக வந்தார், மஷியானி பன்னிரண்டாவது. வழியில் ஒரு நாய் துரத்தியதால் டாவ் பாதையை விட்டு விலகி ஓட வேண்டியதாயிற்று என்பார்கள். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்கள் இவர்கள். காட்சிப்பொருளாகக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள், ஓடத் தொடங்கிய கணத்தில் போட்டியாளர்கள் ஆனார்கள். நான்கு ஆண்டு கழித்து 1908 லண்டனில் தென்னாப்பிரிக்காவின் ரெஜி வாக்கர் 100 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் வெள்ளையர். ஒலிம்பிக் 200 மீட்டர் தங்கமோ 2024 வரை எந்த நிறத்து ஆப்பிரிக்கருக்கும் கிட்டவில்லை.

டெபோகோவுக்கு முன்னால் போட்ஸ்வானாவில் மூன்று பேர் வழி வெட்டியிருந்தார்கள். அவர்களைச் சொல்லாமல் இவர் கதை நிற்காது.

முதலாமவர் அமாண்ட்லே மொன்ட்ஷோ. 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகத் தடகளத்தில் பெண்கள் 400 மீட்டரை 49.56 விநாடியில் வென்றார். அமெரிக்காவின் அல்லிசன் ஃபெலிக்ஸ் 0.03 விநாடி பின்னால். போட்ஸ்வானாவின் முதல் உலகத் தடகளத் தங்கம் அது. ஆனால் அவர் பயிற்சி பெற்றது செனகலின் டக்கார் நகரில். வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டியிருந்தது, கண்டத்தை விட்டுப் போகவில்லை.

இரண்டாமவர் நைஜல் ஆமோஸ். 2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டரில் கென்யாவின் டேவிட் ருடிஷா உலக சாதனை படைத்த அந்த ஓட்டத்தில், 18 வயதில் இரண்டாவதாக வந்து, 1:41.73 நேரத்தில் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார். மொன்ட்ஷோ, ஆமோஸ் இருவருமே பிற்காலத்தில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடைபட்டார்கள். அவர்களை நேசித்த நாட்டுக்கு அது பெரிய காயம். வரலாறு எழுதும்போது அதை மறைக்க முடியாது.

மூன்றாமவர் ஐசக் மக்வாலா. இவரைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2017 ஜூலை 14 அன்று மாட்ரிட்டில் ஒரே நாளில் 200 மீட்டரை 19.77 விநாடியிலும் 400 மீட்டரை 43.92 விநாடியிலும் ஓடினார். 20க்குக் கீழும் 44க்குக் கீழும் ஒரே நாளில் ஓடிய முதல் மனிதர். அடுத்த மாதம் லண்டனில் உலகத் தடகளப் போட்டி. வீரர்கள் தங்கியிருந்த விடுதியில் நோரோவைரஸ் வாந்திபேதி பரவியது. மக்வாலாவும் வாந்தியெடுத்தார். 48 மணிநேரம் தனித்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 200 மீட்டர் தகுதிச் சுற்று போயிற்று. மறுநாள் 400 மீட்டர் இறுதி. உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவர் அரங்கத்து வாசலுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட காட்சி உலகம் முழுக்க ஒளிபரப்பானது.

அதற்கு அடுத்த நாள் 200 மீட்டருக்கு ஒரு வாய்ப்புத் தந்தார்கள். கொட்டும் மழை. ஓடுதளத்தில் அவர் ஒருவர் மட்டும். போட்டியாளர் இல்லை, கடிகாரம் மட்டுமே. 20.53க்குள் ஓடினால் அரையிறுதி. மக்வாலா 20.20இல் ஓடி முடித்து, நனைந்த தளத்திலேயே குப்புற விழுந்து தண்டால் எடுத்தார். அன்று இரவே அரையிறுதியில் ஓடி இறுதிக்கும் தேறினார். இறுதியில் ஆறாம் இடம். பதக்கம் ஏதும் இல்லாத அந்த வாரத்தை போட்ஸ்வானாவின் தடகள வரலாற்றில் ஒரு பெரிய வாரம் என்றே சொல்வேன். டெபோகோவுக்கு அப்போது 14 வயது. 2021 டோக்கியோ ஒலிம்பிக் 4x400 தொடரோட்டத்தில் போட்ஸ்வானா வெண்கலம் வென்றபோது மக்வாலாவுக்கும் கழுத்தில் பதக்கம் விழுந்தது.

இந்த மூவரையும் பார்த்தால் ஒன்று புலப்படும். போட்ஸ்வானாவின் பலம் 400, 800 மீட்டர். வேகத்தை முழுதாக இழக்காமல் நீட்டித்துக்கொண்டு போகும் கலை. அந்த நாட்டில் தடகளம் என்றால் ஒரு முழுச் சுற்றுத்தான். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு 100 மீட்டர்க்காரன் முளைத்ததுதான் புதிது.

2021 ஆகஸ்டில் நைரோபியில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டி. டெபோகோவுக்கு 100 மீட்டரில் 10.19 விநாடியில் தங்கம், 200 மீட்டரில் வெள்ளி. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30, காபரோன். சொந்த மண்ணில் 9.96 விநாடி. அந்த வயதுப் பிரிவில் அமெரிக்காவின் டிரேவன் புரோமெல் வைத்திருந்த 9.97 உடைந்தது. ஜூலையில் அமெரிக்காவின் ஓரிகன் உலகப் போட்டி, தகுதிச் சுற்றிலேயே 9.94.

ஆகஸ்ட் 2, கொலம்பியாவின் காலி நகரம். மறுபடியும் 20 வயதுக்கு உட்பட்டோர் இறுதி. புறப்பாடு அவருக்கு எப்போதும் சுமார்தான். முப்பது மீட்டருக்கு மேல் உடம்பு நிமிர்ந்ததும்தான் வேறு ஆளாகிவிடுவார். அன்று பாதித் தூரத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசி முப்பது மீட்டரில் அவர் ஓட்டத்தை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பினார். ஜமைக்காவின் நிக்ருமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விரலை ஆட்டினார். உசைன் போல்ட்டின் சாயல். கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் 9.91 காட்டியது, மீண்டும் உலக இளையோர் சாதனை. எதிராளியை இழிவுபடுத்திவிட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். அவரோ, யாரையும் அவமதிக்க நினைக்கவில்லை, போல்ட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான் என்றார். 19 வயதுப் பையனின் குதூகலத்தில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. அந்த முப்பது மீட்டரை நேரே பார்த்து ஓடியிருந்தால் கடிகாரம் என்ன காட்டியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் கழித்து நடந்த 200 மீட்டர் இறுதியிலும் அவர் நிதானமாக முடிக்கப்போக, இஸ்ரேலின் பிளெஸ்ஸிங் அஃப்ரிஃபா முந்திவிட்டார். இருவருக்கும் 19.96. ஆயிரத்தில் சில பங்கு விநாடி வித்தியாசத்தில் தங்கம் கைமாறியது. அஃப்ரிஃபா கானா நாட்டுப் பெற்றோருக்கு டெல் அவிவில் பிறந்தவர்.

2023 ஆகஸ்ட், புடாபெஸ்ட். பெரியவர்களின் உலகப் போட்டி. 100 மீட்டரில் லைல்ஸ் 9.83, டெபோகோ 9.88. உலகத் தடகளத்தில் 100 மீட்டர் பதக்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க ஆண் அவர். ஃபிரெடெரிக்ஸுக்குக்கூடக் கிடைக்காதது இது. 200 மீட்டரில் வெண்கலமும் சேர்ந்தது.

2024 பிப்ரவரியில் பிரிட்டோரியாவில் 300 மீட்டர் ஓடினார். பெரும்போட்டிகளில் இல்லாத தூரம் என்பதால் பலர் கவனிக்கவில்லை. 30.69 விநாடி. தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீக்கெர்க் வைத்திருந்த 30.81 என்ற உலகின் சிறந்த நேரம் போனது. அறிந்தவர்களுக்கு அந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது. 200 மீட்டரில் யாரும் கடைசிவரை வேகம் கூட்டிக்கொண்டே போவதில்லை. வளைவை விட்டு நேர்தடத்துக்கு வந்த பிறகு எல்லோருடைய வேகமும் குறையத்தான் செய்யும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவரே வெல்கிறார். 300 மீட்டரை இப்படி ஓடுகிறவருக்கு 200இன் கடைசி 50 மீட்டர் மற்றவர்களுக்குப் போல் மூச்சுமுட்டாது. மக்வாலாவின் நாடு அவருக்குத் தந்த சீதனம் இந்தத் தாக்குப்பிடிக்கும் திறன்.

மே மாதம் அம்மா செராட்டிவா இறந்துபோனார். சில காலமே நோய்வாய்ப்பட்டிருந்தார். மகனுக்கு வயது 20, ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்கூட இல்லை.

பாரிஸில் 100 மீட்டர் இறுதி உலகமே பேசிய பந்தயம். லைல்ஸ் ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடி வித்தியாசத்தில் ஜமைக்காவின் கிஷேன் தாம்சனை வென்ற இரவு. டெபோகோ 9.86 ஓடித் தேசிய சாதனை படைத்தும் ஆறாவது இடம்தான். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 8, 200 மீட்டர் இறுதி. லைல்ஸுக்குக் கொரோனா தொற்று இருந்தது, அது பந்தயம் முடிந்த பிறகே வெளியே தெரிந்தது. அதை வைத்து டெபோகோவின் வெற்றியைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு எண்ணே பதில். டெபோகோ ஓடியது 19.46. லைல்ஸ் தன் உச்சத்தில் இதைவிட வேகமாக ஓடியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் ஒலிம்பிக் ஆண்டில், இறுதிப் பந்தயத்தில், நேர்தடத்தில் அமெரிக்காவின் கென்னி பெட்னரெக்கைத் தாண்டி, கோட்டுக்கு முன்பே நெஞ்சில் தட்டிக்கொண்டு 19.46இல் முடிக்கிறவரைத் தற்செயல் வெற்றியாளர் என்று சொல்ல நியாயமில்லை. அன்றுவரை அதைவிட வேகமாக 200 மீட்டர் ஓடியவர்கள் உலகில் நான்கே பேர்: போல்ட், யோஹான் பிளேக், லைல்ஸ், ஜான்சன்.

ஓடி முடித்ததும் டெபோகோ ஒரு ஸ்பைக் ஷூவைக் கழற்றி கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அதில் அம்மாவின் பிறந்தநாள் எழுதியிருந்தது. போட்ஸ்வானாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஆப்பிரிக்காவுக்கு முதல் 200 மீட்டர் தங்கம்.

தடகளத்தின் முகம் இனி நீங்கள்தானா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். தான் லைல்ஸைப் போல உரக்கப் பேசும் ஆள் இல்லை, அந்த இடம் அவருக்கே இருக்கட்டும் என்கிற பொருளில் பதில் சொன்னார். ஆப்பிரிக்காவை இனி வேக ஓட்டத்தின் வீடாகவும் உலகம் பார்க்கும் என்பதையும் சொல்லத் தவறவில்லை. இரண்டு நாள் கழித்து 4x400 தொடரோட்டத்தின் கடைசிச் சுற்றில் பேட்டனை வாங்கி, அமெரிக்காவின் ராய் பெஞ்சமினைக் கடைசி அடிவரை துரத்தினார். அமெரிக்கா 2:54.43, போட்ஸ்வானா 2:54.53. வெள்ளி. ஒரே ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதி, 200 மீட்டர் தங்கம், 4x400 கடைசிச் சுற்று என்று மூன்றிலும் நின்றவரைப் பார்ப்பது அபூர்வம்.

ஊரில் அதிபர் மொக்வீட்சி மாசிசி வெள்ளிக்கிழமை பிற்பகல் நாடு முழுதும் விடுமுறை அறிவித்தார். அணி திரும்பியபோது காபரோன் தேசிய விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்தது. டிசம்பரில் உலகத் தடகளச் சங்கம் டெபோகோவை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது.

2025 அவருக்கு இத்தனை இனிக்கவில்லை. செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டி. 100 மீட்டர் இறுதியில் துப்பாக்கிக்கு முன்பே கிளம்பிவிட்டார், தகுதியிழப்பு. 200 மீட்டரில் 19.65 ஓடி நான்காவது. வெண்கலம் 0.01 விநாடியில் தப்பியது. இப்படியொரு வாரம் போனால் ஒற்றை வீரனை நம்பியிருக்கும் சிறிய நாடு சோர்ந்துபோகும். போட்ஸ்வானா சோரவில்லை. அதே போட்டியில் இன்னொரு போட்ஸ்வானா இளைஞர், பூசாங் காலன் கெபினாட்ஷிப்பி, 400 மீட்டரை 43.53 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். கடைசி நாள் கனமழையில் 4x400 தொடரோட்டம். டெபோகோவும் ஓடிய அந்த அணியில் கெபினாட்ஷிப்பி கடைசிச் சுற்றில் பெஞ்சமினைக் கோட்டருகே மடக்கினார். உலகத் தடகளத்தில் ஆண்கள் 4x400 தங்கத்தை வென்ற முதல் ஆப்பிரிக்க நாடாக போட்ஸ்வானா ஆனது. புதிய அதிபர் டூமா போக்கோ செப்டம்பர் 29ஐப் பொது விடுமுறை ஆக்கினார். மறுநாள் விடுதலை நாள் என்பதால் கொண்டாட்டம் இரண்டு நாளாக நீண்டது.

உலகத் தொடரோட்டப் போட்டியை ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக நடத்தும் உரிமையும் 2026க்காக காபரோனுக்கே கிடைத்தது. வேகமான பிள்ளைகள் வெளியே போய்ச் சேர வேண்டியிருந்த உலகம், இம்முறை அவர்களைத் தேடி அவர்கள் ஊருக்கு வரும்படி ஆயிற்று.

அடுத்த பகுதியில்: அந்த நால்வர் அணி எப்படி உருவானது, பேட்டன் கைமாறும் இருபது மீட்டரில் என்னதான் நடக்கிறது, கெபினாட்ஷிப்பி யார்.